காய்ந்த கோலில் பூத்த மலர்

தேக்கா சந்தைக்கு அருகே, பஃபலோ சாலை அடுக்குமாடி வீடு ஒன்றில் என் நண்பனின் குடும்பம் வசிக்கிறது. தேர்வுக் காலங்களில் எனக்கும் அதுதான் வீடு. அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். கூடத்துச் சுவரில் சூசையப்பர் படம் ஒன்று மாட்டியிருக்கும். ஒரு கையில் குழந்தை இயேசு. மறு கையில் நீண்ட கோல். கோலின் நுனியில் வெள்ளை லில்லி மலர்கள். சூசையப்பர் தச்சராயிற்றே, கையில் உளியோ இழைப்புளியோ இருக்க வேண்டாமா, பூ எதற்கு என்று ஒரு நாள் நண்பனின் பாட்டியிடம் கேட்டேன். காய்ந்த கம்பு பூத்ததால்தான் அவருக்குக் கல்யாணமே நடந்தது என்று சொல்லிவிட்டு, அவர் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

பாட்டி விட்ட இடத்திலிருந்து தேடத் தொடங்கிய நான் வந்து சேர்ந்த இடம், நான் சற்றும் எதிர்பாராதது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்த பெயர் அது. சதுரகராதி செய்தவர் யார்? வீரமாமுனிவர்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். பெயரிலேயே சூசையப்பர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1710இல் கோவா வந்து இறங்கினார். அங்கிருந்து மதுரை மறைப்பணித் தளம். அவருக்கு நூறாண்டு முன்பே, 1606இல், இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து காவி உடுத்தித் தமிழ் கற்றுப் பாதை போட்டிருந்தார். பெஸ்கியும் அவ்வழியே நடந்தார். தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். திருநெல்வேலிச் சீமையில் சிறைப்பட்டு, கொலைத் தண்டனை வரை போய் மீண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பின்னர் நெடுங்காலம் ஏலாக்குறிச்சியே அவருடைய இருப்பிடமாயிற்று. சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கணம் பயின்றார் என்பது வழிவழிச் செய்தி. சந்தா சாகிப்பிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் பவனி வந்தார் என்றெல்லாம் சொல்லப்படும் கதைகளை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆராய்ச்சியாளர் பலரும் அவற்றை ஐயத்துடனேயே பார்க்கிறார்கள். அவரைப் பெரிய மனிதராக்கப் பல்லக்கு தேவையில்லை, தேம்பாவணி போதும்.

தேம்பாவணி 1726இல் எழுந்தது. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். காப்பியத் தலைவன் சூசையப்பர். விவிலியத்தில் அவர் பேசுவதாக ஒரு சொல் கூடக் கிடையாது. அப்படிப்பட்டவரைத் தலைவனாக்கி ஒரு பெருங்காப்பியம் பாட எவ்வளவு துணிவு வேண்டும்! அதன் திருமணப் படலத்தில்தான் நம் பாட்டியின் காய்ந்த கம்பு வருகிறது. மரியாளுக்கு ஏற்ற மணவாளன் யார் என்று அறிய, தாவீதின் குலத்து ஆடவர் பலர் கையில் கோலுடன் ஆலயத்தில் நிற்கின்றனர். ஒருவருடைய கோல் மட்டும் பூக்கிறது.

இக்கதை நான்கு நற்செய்தி நூல்களில் இல்லை. தொடக்ககாலக் கிறித்தவர்களின் புறநூல்களில் முளைத்து, ஐரோப்பாவில் பல வடிவங்களில் வளர்ந்தது. வீரமாமுனிவருக்கு அது ஸ்பெயின் நாட்டுக் கன்னித்துறவி ஒருவர் வழியாக வந்தது. ஆகிரேதா ஊர் மரியா (1602–1665) என்னும் அவர், தாம் காட்சியில் கண்டதாக எழுதிய தேவமாதாவின் வரலாறு 1670இல் அச்சானது; ரோமாபுரியில் சில காலம் தடைக்கும் உள்ளானது. தேம்பாவணிக்கு அந்நூலே முதன்மையான ஊற்று.

ஸ்பெயினுக்கும் முன்னால் போனால் வேர் யூதர்களிடம் இருக்கிறது. மோசே பன்னிரு குலத்தாரின் கோல்களையும் கூடாரத்தில் வைத்த இரவில், ஆரோனின் கோல் மட்டும் துளிர்த்து, பூத்து, வாதுமைக் காய் காய்த்தது என்கிறது எண்ணாகமம். வெட்டுண்ட ஈசாய் மரத்தின் அடியிலிருந்து ஒரு தளிர் எழும் என்கிறது ஏசாயா. தாவீதின் தந்தையே ஈசாய். அந்த வழியில் வந்தவர் சூசை. பட்ட மரம் துளிர்ப்பதே இறைவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்ததற்கு அடையாளம்.

யூத மறைஞானிகள் இம்மரத்தை இன்னும் மேலே கொண்டு போனார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் பரவிய சோகர் என்னும் நூலை ஒட்டி வளர்ந்த கபாலா மரபில், இறைவனின் பத்து வெளிப்பாடுகள் ஒரு மரமாக அடுக்கப்படுகின்றன. அந்த உயிர் மரம் மேலிருந்து கீழ்நோக்கி வளர்வது. வேர் மேலே, கிளை கீழே! கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்து அரசமரம் உங்களுக்கும் நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது. 1492இல் யூதர்களை நாட்டைவிட்டே துரத்திய அதே ஸ்பெயினில்தான், சுமார் நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் ஒரு கன்னித்துறவி யூதர்களின் பூத்த கோலைக் கிறித்தவக் காட்சியாக எழுதிக்கொண்டிருந்தார் என்பதும் மனத்தை உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து மாதா ஆலயத்திற்குத் தமிழ்ப் பூசைக்குப் போன பாட்டியுடன் துணைக்குச் சென்றேன். பூசை முடியும்வரை அப்படியே வாட்டர்லூ சாலைப் பக்கம் நடந்தேன். 1878இல் திறக்கப்பட்ட மாகேன் அபோத் யூத ஆலயம் அங்கே இருக்கிறது. கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அதே சாலையில்தான். யூதர்கள் தங்கள் வேதச் சுருளைச் சுற்றி வைக்கும் மரத்தண்டுகளுக்கு உயிர் மரம் என்றே பெயர். நான் உள்ளே போகவில்லை. வெளியே நின்று பார்த்தேன். தில்லைக்குத் தில்லை மரம், மதுரைக்குக் கடம்பு, ஆனைக்காவுக்கு வெண்ணாவல் என்று தலமரம் வைத்துக் கும்பிட்டவர்களின் பேரன்தானே நானும்!

இந்தத் தலமர நாட்டுக்குத்தான் வீரமாமுனிவர் தம் பூத்த கோலைக் கொண்டுவந்தார். அதை எப்படி நட்டார் என்பதில்தான் எனக்கு வியப்பு. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்பவர் என்பது போன்ற பொருள். போர்த்துக்கீசியர் வழி அது சூசை ஆகியிருந்தது. அவரோ ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்து, வளன் என்றார். திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார். இன்று திருச்சியில் தூய வளனார் கல்லூரி என்று சொல்லும் எவருக்கும் அது அயற்பெயராகத் தோன்றுவதில்லை. காப்பியத்தின் பெயரும் அப்படியே. தேம்பாத அணி, அதாவது வாடாத மாலை என்றும் பிரிக்கலாம். தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் பிரிக்கலாம். கோனான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோயிலில் தேவமாதா சேலை உடுத்தி நிற்கிறார்.

எழுத்திலும் கை வைத்தார். சுவடியில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது பழைய விதி. ஓலை கிழியும் என்று பலர் புள்ளியை விட்டுவிடுவதால் கெடு எது, கேடு எது என்று தெரியாது. நெட்டெழுத்துக்குச் சுழி கொடுத்து அக்குழப்பத்தைத் தீர்த்தவர் அவர். 1732இல் சதுரகராதி. திருக்குறளின் அறமும் பொருளும் இலத்தீனில். பரமார்த்த குருவும் அவருடைய சீடர்களும் தனிக்கதை.

பேரவை நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, மதம் மாற்ற வந்தவரை இப்படித் தூக்கிப் பிடிப்பானேன் என்றார். நியாயமான கேள்வி. அவர் வந்தது அதற்காகத்தான், மறைக்கத் தேவையில்லை. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை வேதவிளக்கம் முதலிய நூல்களில் கடுமையாகவே தாக்கினார். ஆனால் 1738இல் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம்தான். பகைவரும் அவரிடமே தமிழ் கற்க வேண்டியிருந்தது. நண்பருக்கு இது முழு விடை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்து, 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் இறந்தார். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

சென்ற மாதம் பாட்டிக்குத் திருமணப் படலத்தை வாசித்துக் காட்டினேன். பாதிச் சொற்கள் எனக்கே விளங்கவில்லை. அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் வாசித்தேன். கோல் பூக்கும் இடம் வந்ததும் பாட்டி நிறுத்தச் சொல்லி, படத்துக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அது ஐந்தாம் படலம். இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது.