பிரசவ வைத்தியத்தைத் தமிழில் தந்த கிறீன்

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடக்கும் போதெல்லாம் எனக்குச் சித்தியின் ஞாபகம் வரும். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டுச் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது அவருக்கு ஐந்தாம் மாதம். அடுத்த வாரமே கரு கலைந்தது. நடந்ததால்தான் என்றார்கள் சிலர், பாரம் தூக்கியதால் என்றார்கள் வேறு சிலர். என்ன நடந்திருக்கலாம் என்று அவருக்கு விளங்கும் தமிழில் எவரும் சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகச் சித்தி தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

வைத்திய அறிவு தமிழில் இருக்க வேண்டும் என்று இதே மானிப்பாயில் பிடிவாதமாக நின்றவர்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அதே ஆண்டில்தான் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், கைகளைச் சுத்தம் செய்துவிட்டுப் பிரசவம் பார்த்தால் தாய்மார் காய்ச்சல் கண்டு இறப்பது குறைகிறது என்று காட்டினார். கிருமிகளைப் பற்றி வைத்திய உலகம் அறியாத காலம் அது. அதனால் பலர் அவரை நம்பவில்லை.

வட்டுக்கோட்டையில் பணியைத் தொடங்கிய கிறீன், 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். நோயாளரைப் பார்த்தபடியே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். அவரிடம் பயின்று வெளியேறியோர் 60 பேருக்கும் அதிகம். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864இலிருந்து தமிழில் கற்பித்தார். கிராமத்தில் இருந்து சனங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் சனங்களின் மொழியில் படித்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதற்குப் புத்தகங்கள் வேண்டுமே. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பக்கங்களை அவர் தமிழாக்கினார். தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடினார். அங்கும் கிடைக்காதபோதுதான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். அயர்லாந்து வைத்தியர் மோன்செல்லின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியம் 1857இல் வெளிவந்தது. வீட்டுக்குள்ளேயே பேசத் தயங்கிய விடயங்கள் அச்சில் தமிழாக வந்தன.

1873இல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884இல் வூஸ்டரில் காலமானார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவன் என்றே தன் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார்.

அவர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின், 1892இல், ஜேர்மன் வைத்தியர் டோடர்லைன் யோனியில் இயல்பாக வாழும் பற்றீரியாக்களை விவரித்தார். இன்று லக்டோபசிலஸ் என்று அழைக்கப்படும் இவை லக்ரிக் அமிலத்தைச் சுரந்து வேறு கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன. இவை குறைந்து மற்றவை பெருகும் நிலைக்கும், கரு கலைவதற்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் நிறமூர்த்தக் கோளாறு. ஐந்தாம் மாதம் போல் பிந்திக் கலைவதற்குக் கிருமித்தொற்றும், கருப்பையின் வாய் பலவீனமாக இருப்பதும் காரணமாகலாம்.

ஆகவே கர்ப்ப காலத்தில் துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டால் வெட்கப்படாமல் மருத்துவமாதுவிடம் சொல்ல வேண்டும். சோப்பாலோ கிருமிநாசினியாலோ உள்ளே கழுவக் கூடாது. காக்கிற பற்றீரியாவையும் அது அழித்துவிடும்.

கிறீன் வாழ்ந்த காலத்தில் இந்த அறிவு உலகில் இல்லை. இன்று இருக்கிறது. ஆனால் கிளினிக்கில் கையில் தரும் துண்டில் அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், வாசிக்கத் தெரியாத தாய் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள்.

சில வருடங்களுக்கு முன் இவற்றையெல்லாம் சித்திக்கு எடுத்துச் சொன்னேன். அப்படியென்றால் நான் நடந்ததால் இல்லையா என்று கேட்டார். நடந்ததால்தான் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது, சித்தியில் ஒரு பிழையும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், திரும்ப ஒருக்கால் சொல்லச் சொன்னார்.