எட்டில் ஒரு பங்கு டாங்கி

உங்க ஹாஸ்டல்ல ஸ்கேல் மாடல் செய்யிற பழக்கம் உள்ளவங்க யாராவது இருந்தா, அவங்க ரூமுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. மேஜை மேல 1/35 அளவுல ஒரு டாங்கி நிக்கும். பக்கத்துல பசை, கத்தரி, பெயின்ட். அந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு விஷயம் புரியும். போரில் ஓடிய டாங்கிகளை விட, ஒன்றோ இரண்டோ மட்டும் செய்து பார்த்துக் கைவிடப்பட்ட சோதனை டாங்கிகள் மேல்தான் அவங்களுக்குக் காதல் அதிகம். பழைய போட்டோ, பழைய வரைபடம், மியூசியத்தில் மிச்சம் இருக்கும் வண்டி, இதையெல்லாம் தேடிப் பிடித்து, மில்லிமீட்டர் கணக்கில் அளவைச் சுருக்கி மாடல் செய்வாங்க. நிஜம் பெரிசு, மாடல் அதோட நகல். இதுதான் வழக்கம்.

ஆனா ஒரே ஒரு டாங்கி விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் உள்ள போர் நினைவகத்தில் 1/8 அளவில் ஒரு மாடல் இருக்கிறது. அது எந்த டாங்கிக்கும் நகல் இல்லை. அதன் நிஜ அளவு வண்டி உலகத்தில் எங்கேயும் செய்யப்படவே இல்லை. மாடல்தான் அசல். அதைச் செய்தவர் பெயர் லான்சலாட் எல்டின் டி மோல். டாங்கி வரலாறு எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் பெயர். பொறியியல் படிக்கிற நாம கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய வாழ்க்கை இது.

டி மோல் 1880-இல் அடிலெய்டில் பிறந்தார். படம் வரைவது அவர் தொழில். நம்ம பாஷையில் சொன்னா டிராஃப்ட்ஸ்மேன். சுரங்க வேலை, நில அளவை, பொறியியல் வேலை என்று ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார். 1911-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்ட்டன் பக்கம் அவருக்கு வேலை. பாதை என்று ஒன்று இல்லாத கரடுமுரடான நிலம். வண்டியில் போனால் உடம்பே கழன்றுவிடும் அளவுக்குக் குலுக்கல். சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பதில், வண்டியே தன் பாதையைத் தானே போட்டுக்கொண்டு போனால் என்ன என்ற யோசனை அவருக்கு அங்கேதான் வந்தது.

நீங்க ஊர்ல செயின் வைத்த பொக்லைன் வண்டி பார்த்திருப்பீங்க. சேற்றில் லாரி புதையும் இடத்தில் கூட அது சாதாரணமா நகரும். காரணம் எளிது. சக்கரம் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவு. சங்கிலிப் பட்டை தரையைத் தொடுவதோ வண்டியின் நீளம் முழுக்க. எடை அவ்வளவு பரப்பில் பிரிந்துவிடுவதால் தரை மேல் அழுத்தம் குறைகிறது. இந்தச் சங்கிலிப் பட்டையை டி மோல் கண்டுபிடித்தார் என்று நினைத்துவிடாதீங்க. அவருக்கு முன்னாலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட டிராக்டர்கள் ஓடின. டி மோல் செய்தது அடுத்த படி. அந்த வண்டிக்குக் கவசம் போட்டு, அதைப் பள்ளத்தையும் மேட்டையும் தாண்டும் போர் வாகனமாக முழுமையாக வடிவமைத்தார்.

1912-இல் அந்தப் படங்களை லண்டனில் இருந்த பிரிட்டிஷ் போர் அலுவலகத்துக்கு அனுப்பினார். 1913-இல் பதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லி, அனுப்பிய காகிதங்களில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மீதி அங்கேயே ஏதோ ஒரு கோப்பில் தங்கிவிட்டது. இந்தக் கோப்பை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். பெர்த் நகரில் இருந்த ஜெர்மன் தூதரிடம் கொடுத்துப் பார் என்று நண்பர்கள் சொன்னதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியது. கொஞ்ச மாதத்திலேயே மேற்கு முனையில் போர் பதுங்குகுழிகளுக்குள் முடங்கியது. முள்கம்பி, இயந்திரத் துப்பாக்கி, குண்டு விழுந்து பள்ளமாகிச் சேறாகிப்போன நிலம். நடந்து போகிற சிப்பாய் அதைத் தாண்ட முடியாது. இப்போது யோசிச்சுப் பாருங்க, இந்தப் பிரச்சினைக்கான விடை லண்டனில் ஒரு அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. டி மோல் 1914-இலும் 1916-இலும் மறுபடி எழுதிப் பார்த்தார். பலன் இல்லை.

அதே நேரம் பிரிட்டனில் வேறு ஒரு குழு இதே விடையைத் தேடிக்கொண்டிருந்தது. 1915 பிப்ரவரியில் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் அதற்கென்று ஒரு கமிட்டி அமைத்தார். லிங்கன் நகரில் விவசாய இயந்திரங்கள் செய்யும் கம்பெனியை நடத்திய வில்லியம் ட்ரிட்டனும், பொறியாளர் வால்டர் வில்சனும் சேர்ந்து முதல் சோதனை வண்டியைச் செய்தார்கள். ரகசியம் காக்க, அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். டாங்க் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி, சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின.

அந்த முதல் டாங்கி, மார்க் ஒன், சுமார் 28 டன் எடை, உள்ளே எட்டுப் பேர். அதைத் திருப்புவது ஒரு பெரிய கூத்து. ஒரு பக்கச் சங்கிலியை நிறுத்தி மறுபக்கச் சங்கிலியை ஓட்டினால்தான் வண்டி நன்றாகத் திரும்பும். அதற்கு டிரைவர் ஒருவர் போதாது. கமாண்டர் பிரேக் பிடிக்க வேண்டும், பின்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கியர் மாற்ற வேண்டும். என்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது, சைகைதான். கொஞ்சமாகத் திருப்ப வண்டியின் பின்னால் இரண்டு சக்கரம் வேறு மாட்டியிருந்தார்கள். போர்க்களத்தில் அவை பயன்படாமல் போய், சீக்கிரமே கழற்றிவிட்டார்கள்.

டி மோல் இந்தப் பிரச்சினைக்கு 1912-லேயே வேறு வழி வைத்திருந்தார். சங்கிலிப் பட்டையையே பக்கவாட்டில் வளைத்துவிடுவது. ரயில் தண்டவாளம் வளைந்தால் ரயில் தானாக வளைந்து போகிறது இல்லையா? வண்டி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் தண்டவாளத்தை லேசாக வில் போல வளைத்தால், வண்டியும் அந்த வளைவில் போகும். எந்தப் பக்கத்தையும் நிறுத்த வேண்டாம், சக்தியும் வீணாகாது. பின்னால் 1930-களில் வந்த பிரிட்டிஷ் யுனிவர்சல் கேரியர் வண்டியில் லேசான திருப்பத்துக்கு இதே மாதிரி சங்கிலியை வளைக்கும் முறை இருந்தது. யோசனை வெறும் கற்பனை இல்லை என்பதற்கு அது போதும்.

தன் படத்தில் இருந்த மாதிரியே ஒரு வண்டி ஐரோப்பாவில் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு டி மோல் என்ன செய்தார் தெரியுமா? இனி படம் போதாது என்று முடிவு செய்து மாடலில் இறங்கினார். எட்டில் ஒரு பங்கு அளவு. பார்வைக்கு வைக்கும் பொம்மை இல்லை, இயங்கும் மாடல்.

இங்க கொஞ்சம் கணக்குப் போடலாம். நீளம் 1/8 ஆனால் பரப்பு 1/64 ஆகும், கன அளவு 1/512 ஆகும். அதே பொருளில் செய்தால் எடையும் 1/512. ஆக 28 டன் டாங்கியின் எட்டில் ஒரு பங்கு மாடல் சுமார் 55 கிலோதான் இருக்கும். அந்த 1/512 எடை 1/64 பரப்பின் மேல் உட்காருவதால், தரை மேல் அழுத்தமும் நிஜத்தில் எட்டில் ஒரு பங்காகிவிடும். நிஜ வண்டி புதையும் சேற்றில் மாடல் ஜம்முனு போகும். அச்சு முறியுமா, என்ஜின் இழுக்குமா, சங்கிலி அறுந்துவிடுமா என்பதை மாடலால் நிரூபிக்க முடியாது. அப்போ மாடல் எதுக்கு? வடிவத்தை நிரூபிக்க. இந்த உயர மேட்டில் முன்பக்கம் ஏறுமா, இந்த அகலப் பள்ளத்தில் மூக்கு குத்துமா, சங்கிலியை வளைத்தால் வண்டி உண்மையிலேயே திரும்புமா? இந்தக் கேள்விகளுக்கு எட்டில் ஒரு பங்கு மாடலே நேர்மையான பதில் சொல்லும். டி மோலுக்குத் தேவைப்பட்டதும் அந்தப் பதில்தான். படத்தைப் பார்த்துக் கற்பனை செய்ய மறுத்த அதிகாரிகள், கண் முன்னால் திரும்பும் வண்டியைப் பார்க்கட்டும் என்று நினைத்தார்.

மாடல் ரெடி. ஆனா அதை லண்டனுக்குக் கொண்டுபோவது எப்படி? 1917-இல் அவர் ஆஸ்திரேலிய ராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். வயது 37. 1918 தொடக்கத்தில் மாடலோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கண்டுபிடிப்புகளைப் பரிசீலிக்கும் குழு முன் மாடலை இயக்கிக் காட்டினார். அவர்களுக்குப் பிடித்திருந்தது. டாங்கி விஷயங்களைக் கவனிக்கும் மேல் குழுவுக்குப் பரிந்துரை செய்தார்கள்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கதவு திறந்தது. அடுத்து நடந்ததை நம்பக் கஷ்டமாக இருக்கும். மாடல் எங்கேயோ கைமாறி ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஆறு வாரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதைத் தேடி எடுத்து மறுபடி காட்டுவதற்குள் மார்ச் வந்துவிட்டது. ஜெர்மனி தன் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. இருக்கிற சிப்பாய் எல்லாம் போர்முனைக்குத் தேவை. டி மோலும் ஒரு சிப்பாய். துப்பாக்கியோடு பிரான்சுக்குப் போனார். அந்த வருடம் நவம்பரில் போர் முடிந்தது. இனி யாருக்கு வேண்டும் புது டாங்கி?

1919-இல் கண்டுபிடிப்பாளர்களுக்குப் பரிசு கொடுக்க பிரிட்டனில் ஒரு அரச ஆணையம் உட்கார்ந்தது. டாங்கியைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று பல பேர் வந்து நின்றார்கள். டி மோலும் நின்றார். ட்ரிட்டனுக்கும் வில்சனுக்கும் சேர்த்து 15,000 பவுண்ட் கிடைத்தது. டி மோல் விஷயத்தில் ஆணையம் சொன்னதன் சாரம் இது: அவருடைய வடிவமைப்பு மிகச் சிறந்தது, போரில் பயன்பட்ட டாங்கிக்கு முந்தியது, சில விதங்களில் அதை மிஞ்சியது. ஆனால் காலத்துக்கு முன்னால் வந்துவிட்டது அவருடைய துரதிர்ஷ்டம். பரிசு வேண்டுமானால் அவருடைய யோசனையிலிருந்துதான் டாங்கி பிறந்தது என்ற தொடர்பு இருக்க வேண்டும். ட்ரிட்டனும் வில்சனும் அவருடைய படங்களைப் பார்க்கவே இல்லை. அதனால் தொடர்பு இல்லை.

இதைக் கொஞ்சம் மெதுவாப் படிங்க. கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் அவருக்குப் பரிசு. திறக்காததால் இல்லை. திறக்காதது யார் தப்பு? அவருடையது இல்லை. ஆனால் விதியின் கணக்கில் இழப்பு அவருக்கு. கோபம் வருதா? எனக்கும் வந்தது. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. ட்ரிட்டனும் வில்சனும் யாரிடமும் திருடவில்லை. பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டி, தோற்று, மாற்றி, ஓட வைத்தார்கள். 1918-இல் வந்த மார்க் ஃபைவ் டாங்கியை வில்சனின் கியர் அமைப்பால் ஒரே ஆள் திருப்ப முடிந்தது. அவர்கள் பரிசுக்குத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

செலவுக்கென்று ஆயிரம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவான தொகையும், கௌரவ கார்ப்பரல் பதவியும், 1920-இல் சி.பி.இ. பட்டமும் டி மோலுக்குக் கிடைத்தன. ஊர் திரும்பி, சிட்னியின் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். 1950-இல் காலமானார்.

இவர் தனி ஆள் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 1911-இல் ஆஸ்திரியாவில் குந்தர் பர்ஸ்டின் என்ற ராணுவ அதிகாரியும் சுழலும் பீரங்கியோடு ஒரு சங்கிலி வண்டியை வடிவமைத்துக் கொடுத்தார். அங்கேயும் வேண்டாம் என்றுதான் பதில்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாடல் எல்லாம் வைவா முடிந்த மறுநாள் எங்கே போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். டிபார்ட்மென்ட் மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிக்குப் பக்கத்தில். டி மோலின் மாடல் கிடந்த அடித்தளத்துக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்குக் காசு வாங்கித் தர முடியாவிட்டாலும், பெயரையாவது காப்பாற்றியது எது? 1912 என்று தேதியோடு லண்டன் கோப்பில் கிடந்த அந்தக் காகிதம். இவர் முந்தியவர்தான் என்று ஆணையத்தால் சொல்ல முடிந்தது அதனால்தான். அதனால உங்க மாடலைப் படம் பிடிச்சு வையுங்க. அளவுகளைத் தேதி போட்டு எழுதி வையுங்க. எது வேலை செஞ்சது, எது செய்யலைங்கிறதையும் சேர்த்து.

அப்புறம் ஒண்ணு. அடுத்த வருஷம் ஜூனியர் ஒருத்தர் கையில் கசங்கின ஒரு ஸ்கெட்சோட உங்க ரூமுக்கு வந்து, இதைக் கொஞ்சம் பாருங்கண்ணான்னோ அக்கான்னோ கேட்டா, போனைக் கீழ வெச்சுட்டு பத்து நிமிஷம் அந்தப் படத்தைப் பாருங்க. டி மோலுக்கு அந்தப் பத்து நிமிஷம் 1912-இல் கிடைக்கவில்லை.