ஆசிரியர்க்கு ஓர் ஆசிரியர்

பிறர்க்குக் கற்பிப்போர் பலர். தாம் கற்பித்த முறையைத் தாமே ஆராய்ந்து, அதன் நிறையையும் குறையையும் எழுதிவைப்போர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பெஸ்டலாசி.

இவர் 1746ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் சூரிச் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். அன்னையும், குடும்பத்தைவிட்டு நீங்காத பணிப்பெண் ஒருத்தியும் இவரை அன்போடு வளர்த்தனர். கிராமத்தில் சமயகுருவாய் இருந்த பாட்டனாரிடம் செல்லும்போதெல்லாம், ஏழை மக்களின் துயரைக் கண்டு இவர் உள்ளம் உருகினார்.

பெஸ்டலாசி 1769இல் அன்னா என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டு ஒரு மைந்தன் பிறந்தான். அச்சிறுவனுக்குத் தாமே ஆசிரியரானார். 1774இல், அவன் கற்ற வகையை ஒரு நாட்குறிப்பில் எழுதலானார். பொருள் தெளிவாக விளங்குமுன் பல சொற்களை அவன் வாயில் வரச்செய்தது தம் பிழையே என அதில் குறித்தார். குழந்தையைக் குறை கூறாது தம்மையே குறை கண்டது அவருடைய பெருந்தன்மையாகும்.

அவ்வாண்டிலேயே பிர் என்னும் சிற்றூரின் அருகில் இருந்த தம் பண்ணையில் ஏழைச் சிறுவர்க்கு ஓர் இல்லம் அமைத்தார். அவர்கள் நூற்றலும் நெய்தலும் பயின்றுகொண்டே கல்வியும் கற்றனர். ஆயினும், கடன் பெருகியமையால் 1780இல் அவ்வில்லம் மூடப்பட்டது. மறு ஆண்டு அவர் எழுதிய புதினம் ஒன்று அவர்க்குப் புகழ் தேடித்தந்தது. எனினும், குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வேட்கை அவரை விட்டகலவில்லை.

1798ஆம் ஆண்டு செப்டம்பரில், புதிய அரசியலமைப்பை ஏற்க மறுத்த ஸ்டான்ஸ் பகுதியைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. பலர் மாண்டனர், வீடுகள் எரிந்தன, குழந்தைகள் ஆதரவற்று அலைந்தனர். அவர்களைக் காக்கும் பொறுப்பை அரசாங்கம் பெஸ்டலாசியிடம் அளித்தது. 1799 ஜனவரியில் ஒரு கன்னிமாடத்தின் பகுதியில் இல்லம் தொடங்கிற்று. ஏறத்தாழ எண்பது குழந்தைகள் சேர்ந்தனர். சொறியும் சிரங்கும் உடையவராய், எவரையும் நம்பாத உள்ளத்தினராய் அவர்கள் வந்தனர். ஐம்பத்து மூன்று வயதினரான பெஸ்டலாசிக்குத் துணை ஒரு பணிப்பெண்ணே. உண்பித்தலும், உடல் கழுவுதலும், கற்பித்தலும் அவரே செய்தார். வேற்றுச் சமயத்தவர் என்று ஊரார் ஐயுற்றபோதும் அவர் தளரவில்லை. குழந்தைகள் நாளடைவில் அவரைத் தந்தையாகக் கருதினர். அந்தோ! ஐந்து திங்கள் நிரம்புமுன், படைவீரர் மருத்துவமனைக்காக அவ்விடம் கைப்பற்றப்பட்டது.

உடல் நலிந்த பெஸ்டலாசி மலைப்பகுதியொன்றில் ஓய்வுகொண்டார். அங்கே நண்பர் ஒருவர்க்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். ஸ்டான்ஸில் தாம் செய்தவற்றை அதில் ஆராய்ந்தார். விதிகளுக்கு முன் அன்பே வேண்டும் என்பதையும், கற்ற குழந்தை மற்றொரு குழந்தைக்குக் கற்பித்தல் பயன் தரும் என்பதையும் விளக்கினார். சிற்சில வேளை தாம் குழந்தைகளை அடித்ததையும் அவர் மறைத்திலர். முறிந்துபோன ஒரு பணி, அக்கடிதத்தால் பிறர்க்குப் பாடமாயிற்று.

பின்னர்ப் பர்க்டார்ப் நகரில் சிறுவர்க்குக் கற்பித்தார். பொருளைக் கண்டறிந்தபின் சொல்லைக் கற்றல், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லல் ஆகிய முறைகளை அங்கே செப்பஞ்செய்தார். 1801இல் அம்முறைகளைப் பதினான்கு கடிதங்கள் கொண்ட நூலாக வெளியிட்டார். இவெர்டன் நகரில் அவர் நடத்திய பள்ளிக்குப் பிரஷ்ய அரசாங்கம் இளம் ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பியது. பிற்காலத்தில் குழந்தைத் தோட்டக் கல்வியை நிறுவிய பிரோபெல் 1808 முதல் 1810 வரை அங்கே தங்கிக் கற்றார்.

ஆசிரியர்களிடையே எழுந்த பூசலால் 1825இல் அப்பள்ளியும் மூடப்பட்டது. எண்பது வயது நிரம்பிய பெஸ்டலாசி 1826இல் மீண்டும் எழுதுகோலை ஏந்தித் தம் வாழ்நாட் பணியைச் சீர்தூக்கிப் பார்த்தார். பள்ளி வீழ்ந்ததில் தமக்குள்ள பங்கையும் கூறினார். 1827ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் மறைந்தார். தம் முதற்பணி நிகழ்ந்த பிர் ஊரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் தொடங்கிய இல்லங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவர் எழுதிவைத்த சிந்தனைகளோ நாடு கடந்து பரவின. அன்றாடம் தம் பணியைத் தாமே ஆராய்ந்து எழுதும் ஆசிரியர், தாமும் ஒரு மாணவராகவே வாழ்கின்றார். அத்தகையாரிடம் கற்பது மாணவர் பெற்ற பேறாகும்.