சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

நாஞ்சில் நாட்டிலே, நாகர்கோவிலை அடுத்துக் கோட்டாறு என்னும் பழம்பதி உண்டு. அதன் அருகில் உள்ளது இடலாக்குடி. அவ்வூரில் பக்கீர் மீறான் சாகிபு, ஆமினா அம்மையார் என்போருக்கு மகனாக 1874ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் செய்குத்தம்பி பிறந்தார். அதே ஆண்டின் தொடக்கத்திலேதான் வடலூர் வள்ளலார் மறைந்தார். இவ்விரண்டுக்கும் தொடர்பு கற்பிப்பது நமது நோக்கமன்று. எனினும், பின்னாளில் வள்ளலாரின் பாடல்களுக்காக அவைகளில் எழுந்து வாதாடியவர்களுள் இந்த இஸ்லாமியப் புலவரும் ஒருவர் என்பதை எண்ணும்போது அந்த ஆண்டு மனத்தில் தானே தங்கிவிடுகிறது. தனித்து நிற்கும் எண் நழுவும். ஒன்றோடு பிணைந்த எண் நழுவுவதில்லை. சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர்.

பாவலரைப் பற்றிப் பேசப் புகுவோரிற் பலர் அவரது நினைவாற்றலைத் தெய்வ வரம் என்று கூறி அத்துடன் அமைந்துவிடுகின்றனர். அது பக்தியாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு சோம்பலும் உண்டு. வரம் என்று சொல்லிவிட்டால், அது வாய்க்காதவரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டுவதில்லை அல்லவா? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறப் பாடசாலைகளில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் நாட்களில் ஞாபகசக்தி என்னும் சொல் அடிபடுவதுபோல் வேறெச்சொல்லும் அடிபடுவதில்லை. விடியற்காலையில் இறப்பர் மலையேறிப் பால் வெட்டித் திரும்பும் தாயிடம், பிள்ளைக்கு ஞாபகசக்தி கிடையாது என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிட்டால், அவள் அதனைத் தலைவிதியென்றே ஏற்றுக்கொள்கிறாள். ஆகையால், நூறு செயல்களை ஒரே அவையில் நினைவில் நிறுத்திக் காட்டிய அந்தப் புலவரிடம் இருந்தது என்ன என்று சற்று நிதானமாக ஆராய்வது நமக்கு வீண்வேலை ஆகாது.

அவர் பிறந்த காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கிடைத்தது மலையாளக் கல்வி. தமிழைப் பள்ளிக்கு வெளியேதான் தேட வேண்டியிருந்தது. கோட்டாற்றில் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் இலக்கணமும் இலக்கியமும் பாடங் கேட்டார். இந்து சமயத்து ஆசிரியர் ஒருவர் முஸ்லிம் இளைஞர் ஒருவருக்குத் தமிழ் முழுவதையும் திறந்துவிட்டார் என்பது அன்றைக்கு வியப்பாகத் தோன்றியிராது. இன்றைக்கு நாம்தான் அதனைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

பாடங் கேட்டல் என்ற அந்தப் பழைய முறையை இங்கே விளக்குதல் தகும். அச்சுப் புத்தகங்கள் அருமையாயிருந்த காலம் அது. ஆசிரியர் செய்யுளைச் சொல்லிப் பொருள் கூறுவார். மாணாக்கன் மறுநாள் அதனை ஏடு பாராமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தபின் ஆசிரியர் இடையிடையே கேள்வி கேட்பார். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும், கேட்டதை மீண்டும் நினைத்துப் பார்த்தல், உடன் பயில்வோரிடம் வினாவுதல், அவர் வினாவியதற்கு விடை கூறுதல் ஆகியவற்றை மாணாக்கனுக்குரிய கடமைகளாகவே வகுத்தார். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலறிஞர் செய்த சோதனை இதனோடு ஒத்துப் போவது இன்பந்தருவது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் முந்தி நின்றனர். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தி நின்றனர். பரீட்சைக்கு முந்திய இரவில் புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருக்கும் மாணவர், தமக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக நம்புவதும் மண்டபத்தில் அமர்ந்ததும் திகைப்பதும் இதனாலேதான். செய்குத்தம்பி இளமையில் செய்தது வாசிப்பு மட்டுமன்று. நாள்தோறும் நெஞ்சிலிருந்து வெளியே எடுத்தல்.

புலமை முதிர்ந்தபின் அவர் சென்னைக்குச் சென்றார். அங்கே பதிப்பு வேலையிலே ஈடுபட்டு, உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பதிப்பித்ததோடு அதற்கு உரையும் கண்டார். 5,000க்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட பெருங்காப்பியம் அது. பாட்டின் ஒவ்வொரு சீரையும் எடுத்து, பிரதிகளோடு ஒப்புநோக்கி, பொருள் எழுதி, அச்சுப்பிழை திருத்தும் ஒருவர் அந்நூலை மனனம் செய்ய முயல வேண்டுவதில்லை. அது தானே மனத்தில் இறங்கிவிடும். பாவலரின் புகழ் அவதானத்தால் பரவியது. ஆயினும் அவரது உண்மையான உழைப்பு இந்த உரையிலேதான் இருக்கிறது என்பது எமது எண்ணம்.

இனி அவதானத்துக்கு வருவோம். அவதானம் என்ற சொல்லின் பொருள் கவனம் என்பதே. நினைவு என்று அதற்குப் பெயரிடாமல் கவனம் என்று பெயரிட்ட முன்னோரின் நுட்பம் பெரிது. கவனியாத ஒன்றை மறந்துவிட்டேன் என்று சொல்வது பொருந்தாது. அது உள்ளே புகவே இல்லை. எட்டுச் செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்துவது அட்டாவதானம். பதினாறில் செலுத்துவது சோடசாவதானம். நூறில் செலுத்துவது சதாவதானம். சென்ற தலைமுறைகளில் பூவை கலியாணசுந்தர முதலியார், வினோதரச மஞ்சரி எழுதிய வீராசாமிச் செட்டியார் முதலியோர் அட்டாவதானிகளாக விளங்கினர்.

அவையில் நிகழ்வது இது. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் ஒரு வாக்கியத்தின் எழுத்துக்களை வரிசை மாற்றி, இடையிடையே ஒவ்வொன்றாகச் சொல்லுவார். வேறொருவர் பெருக்கற் கணக்குப் போடுவார். இன்னொருவர் என்றோ கழிந்த ஒரு தேதியைக் கூறிக் கிழமை கேட்பார். எங்கோ மணி ஒலிக்கும். முதுகின்மேல் சிறு கற்கள் விழும். அவற்றின் எண்ணிக்கை வேண்டும். ஒருபுறம் சதுரங்கமோ சொக்கட்டானோ நடந்துகொண்டிருக்கும். அவைக்கு அவை இவை சிறிது மாறுபடும். முடிவில் அவதானி யார் யார் எதைக் கேட்டார் என்று தவறாமல் ஒவ்வொருவருக்கும் விடையிறுக்க வேண்டும். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் கூடியிருக்க, 33 வயது நிரம்பாத செய்குத்தம்பி நூறு செயல்களையும் நிகழ்த்திக் காட்டிச் சதாவதானி என்ற பட்டத்தைப் பெற்றார்.

இதனை அவர் எவ்வாறு செய்தார்? சாதாரண மனிதரால் ஒரே வேளையில் ஏந்தத்தக்கது ஏறத்தாழ ஏழு பொருள் என்று ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க அறிஞர் 1956இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஏழெங்கே, நூறெங்கே! 1980இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு ஒருவாறு விடை தருகிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், நம்மைப்போலவே ஏழு இலக்கங்களை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வல்ல ஒரு மாணவர், ஏறக்குறைய 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 79 இலக்கங்களைச் சொல்லலானார். அவர் ஓட்டப்பந்தய வீரர். கேட்ட இலக்கங்களை மூன்று நான்காகச் சேர்த்து, ஓட்டப் பந்தயங்களின் நேரக் கணக்குகளாக மாற்றிக்கொண்டார். இதில் மிகவும் கவனிக்கத்தக்கது அடுத்த செய்தி: இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துக்களைக் கொடுத்தபோது அவர் மீண்டும் பழைய ஆறுக்கே இறங்கிவிட்டார். அவருடைய நினைவு என்னும் பை பெரிதாகிவிடவில்லை. பொருளைக் கட்டுவதற்கு அவரிடம் ஒரு கயிறு இருந்தது, அவ்வளவே.

அந்த ஓட்ட வீரருக்குப் பந்தயக் கணக்கு எப்படியோ, தமிழ்ப் புலவருக்கு யாப்பு அப்படி. செய்யுளின் உறுப்பு ஒன்றற்குத் தொடை என்று பெயர், தொடுக்கப்படுவது தொடை. மோனை அடியின் முதலெழுத்தைக் காட்டிக் கொடுக்கிறது. எதுகை இரண்டாம் எழுத்தைக் காட்டிக் கொடுக்கிறது. ஒரு சீர் நினைவுக்கு வரவில்லையென்றால், முன்னின்ற சீரும் பின்னின்ற சீரும் வெண்டளை பிழையாதபடி அதற்கு இருபுறமும் வேலி போட்டு வைத்திருக்கின்றன. அந்த இடைவெளியில் பொருந்தக்கூடிய சொற்கள் மிகச் சில. அந்தாதியிலோ ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம். ஒன்றைப் பிடித்தால் நூறும் வரும். பாவலர் பாடிய திருநாகூர்த் திரிபந்தாதியை எடுத்துப் பார்ப்போர் இதனை உணர்வர். அடிதோறும் முதலெழுத்து மட்டும் திரிந்து, மற்றவை ஒத்து நின்று வெவ்வேறு பொருள் தரவேண்டும் என்பது திரிபின் விதி. இத்தகைய கட்டுப்பாட்டில் ஆண்டுக்கணக்காகப் பழகியவருக்கு, மணியோசையும் எண்ணும் எழுத்தும் தனித்தனியே அலையும் துகள்களாக இரா. வந்தவுடன் ஒவ்வொன்றும் தன் இடத்தில் அமரும். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளை மனனம் செய்வதற்குத் தேவைப்பட்ட உழைப்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே பொருளுள்ள செய்யுளுக்குத் தேவைப்பட்டதாகக் கண்டதும் இதற்கு அரணாகும்.

பாவலரின் அவை ஒன்றில் நிகழ்ந்ததாகப் புலவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்றுண்டு. முஸ்லிம்களைத் துருக்கர் என்று அழைத்த நாட்கள் அவை. துருக்கனுக்கு இராமன் துணை என்ற பொருளில் முடியும்படி வெண்பா ஒன்று பாடுமாறு ஒருவர் கேட்டாராம். கேட்டவர் நோக்கம் குறும்போ, சோதனையோ. அவை ஒரு கணம் அசையாதிருந்திருக்கும். பாவலர் இராமனின் தம்பியரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஈற்றடிக்கு முன்னே சத் என்னும் ஒலியை நிறுத்தினார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். இராமன் தன் தம்பிக்குத் துணையானான்! இதில் நினைவாற்றல் எங்கே என்று கேட்கலாம். இராமகாதை அவருக்குள் இருந்தது; தம்பியர் பெயர்கள் ஒலியோடும் எழுத்தோடும் இருந்தன; வேண்டிய கணத்தில் வேண்டிய பெயர் எழுந்து வந்தது. சேர்த்து வைத்தல் பாதி. அழைத்தவுடன் வருவது மறுபாதி.

நமது ஈழநாடும் அக்காலத்தில் ஒரு சதாவதானியைச் சென்னைக்கு அளித்திருந்தது. மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அவர். அகராதி தொகுத்தவர், வெஸ்லி கல்விச்சாலையில் திரு. வி. க.வுக்கு ஆசானாக இருந்தவர். ஆறுமுக நாவலர் காலத்தில் மூண்ட அருட்பா மருட்பா விவாதம் இவர் காலத்தில் மீண்டும் கனன்றது. இவர் வள்ளலாரின் பாடல்களை மறுத்தார். மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவின் பக்கம் நின்றனர். வழக்கு மன்றம் வரை சென்ற அப்பூசலில் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்த் திரு. வி. க. மெட்ரிகுலேஷன் பரீட்சையையே இழந்தார். இரண்டு சதாவதானிகள் எதிரெதிரே நின்றதைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது: நினைவாற்றல் ஒருவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதில்லை. கதிரைவேற்பிள்ளை, பாவலர் பட்டம் பெற்ற அதே 1907ஆம் ஆண்டிலே, நாற்பது வயதாகுமுன் மறைந்தார்.

இவையெல்லாம் கற்றோர் அவையின் செய்திகள், எழுத்தறியாத லயத்துக்கு இவற்றோடு என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்தவர்கள் மூட்டையில் புத்தகம் கொண்டுவரவில்லை. ஆயினும் மாசி மாதம் பிறந்தால் தோட்டங்களில் காமன் கூத்து நடைபெற்றது. மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் இரவு இரவாகப் பாடப்பட்டன. பெயரைக்கூட எழுதத் தெரியாத கூத்து வாத்தியார், பகலில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலையேறியவர், இரவில் நூற்றுக்கணக்கான அடிகளை வழுவின்றிச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குக் கயிறாக இருந்தவை எவை? தப்பின் அடி, பாட்டின் மெட்டு, ஆட்டத்தின் அடவு, கதையின் போக்கு. பாவலரிடம் யாப்பு செய்த வேலையை இவரிடம் தப்பு செய்தது. அவருடைய பேரப்பிள்ளைக்கு ஞாபகசக்தி கிடையாது என்று தீர்ப்புச் சொல்லுமுன், அப்பிள்ளையிடம் நாம் கொடுத்தது பாட்டா, வெறும் அசையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது முறை.

சென்னை நாட்களுக்குப் பின்னும் பாவலர் ஓய்ந்திருக்கவில்லை. நபிகள் நாயக மான்மிய மஞ்சரி, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ் முதலிய நூல்களைச் செய்தார். தேசிய இயக்கத்தில் ஈடுபட்டுக் கதர் உடுத்தார். விடுதலைக்காக மேடையேறிப் பேசினார். மீலாது மேடையிலும் சைவ மேடையிலும் அவரை ஒருங்கே வரவேற்றனர். பிறமதத்து நூல்களை வாதத்துக்காகப் படிப்பவர் உண்டு. அவர் சுவைக்காகப் படித்தார். அதனாற்றான் அவை அவரிடம் தங்கின போலும்.

1950ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போதும் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்க் கொச்சியிலேயே இருந்தது. 1956 நவம்பரில் அது சென்னை மாநிலத்தோடு இணைந்ததைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 2008இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது. பள்ளியில் தமிழ் கிடைக்காமல் வெளியே தேடிக் கற்ற அவருடைய பெயரை, இடலாக்குடியின் அரசு மேல்நிலைப்பள்ளி தாங்கி நிற்கிறது.