மூன்று பெட்டிகளின் கணிதமேதை

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் பெர்த்ரான். அவருடைய தந்தை ஒரு மருத்துவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்த பெர்த்ரான், அத்தையின் வீட்டில் வளர்ந்தார். அத்தையின் கணவர் துகாமெல் கணிதப் பேராசிரியர். அதனால் பதினொரு வயதிலேயே பெரியவர்களோடு அமர்ந்து உயர்கணித வகுப்புகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பதினேழாம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார்.

1842ஆம் ஆண்டு வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டி விபத்துக்குள்ளானது. பலர் மாண்டனர். பெர்த்ரான் முகத்தில் காயத்துடன் உயிர் தப்பினார்.

1871ஆம் ஆண்டு பாரிசில் நிகழ்ந்த கலகத்தில் அவருடைய வீடு தீக்கிரையானது. நுண்கணிதம் பற்றி அவர் எழுதிவந்த நூலின் மூன்றாம் பகுதியும் கையெழுத்துப் படியாகவே எரிந்து சாம்பலாயிற்று. ஆயினும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1889ஆம் ஆண்டு நிகழ்தகவு பற்றிய நூலை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற புதிர் இது.

மூன்று பெட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு நாணயங்கள். முதற்பெட்டியில் இரண்டும் பொன். இரண்டாவதில் இரண்டும் வெள்ளி. மூன்றாவதில் ஒன்று பொன், ஒன்று வெள்ளி. பாராமல் ஒரு பெட்டியைத் தேர்ந்து ஒரு நாணயத்தை எடுக்க, அது பொன்னாக இருக்கிறது. அப்பெட்டியின் மற்ற நாணயமும் பொன்னாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

பாதி என்றே மனம் சொல்லும். ஆனால் பொன் நாணயங்கள் மொத்தம் மூன்று. கைக்கு வந்தது அவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். மூன்றில் இரண்டு முதற்பெட்டியைச் சேர்ந்தவை. ஆகவே வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு.

பிற்காலத்தில் புகழ்பெற்ற மூன்று கதவுப் புதிரும் இவ்வகையினதே. ஒரு கதவின் பின் மட்டும் பரிசு உண்டு. போட்டியாளர் ஒரு கதவைத் தேர்ந்த பின், பரிசு இருக்குமிடம் அறிந்த நடத்துநர், மற்ற இரண்டில் பரிசில்லாத ஒன்றைத் திறந்து காட்டுகிறார். விரும்பினால் தேர்வை மாற்றலாம் என்கிறார். முதல் தேர்வு சரியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றே. எனவே மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு.

1900ஆம் ஆண்டு பெர்த்ரான் மறைந்தார். முதலில் தோன்றும் விடையை நம்பிவிடாமல் எண்ணிப் பார்க்க அவருடைய பெட்டிகள் இன்றும் கற்பிக்கின்றன.

வினாக்கள்
1. பெர்த்ரான் சந்தித்த இழப்புகள் யாவை?
2. எடுத்த நாணயம் வெள்ளியாயின், மற்றதும் வெள்ளியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? காரணம் எழுதுக.