ஹாம் ரேடியோக்களைக் கோத்த மனிதர்: யார் இந்த ஹிராம் பெர்சி மாக்சிம்?

கையில் அடங்கும் சின்ன ஹாம் ரேடியோவின் அலை சில கிலோமீட்டர் தூரம்தான் போகும். ஆனா அதை வைத்துக்கொண்டே சிட்னியில் இருப்பவர் லண்டனில் இருப்பவரோடு பேசிவிட முடிகிறது. எப்படி?

பக்கத்தில் உள்ள ரிப்பீட்டர் நிலையம் அவர் குரலை வாங்குகிறது. அதோடு இணைந்த கணினி குரலை டிஜிட்டல் தகவலாக்கி இணையத்தில் அனுப்புகிறது. லண்டனில் உள்ள நிலையம் அதை மறுபடியும் வானொலி அலையாக்கி விடுகிறது. எக்கோலிங்க், ஐ.ஆர்.எல்.பி. போன்ற அமைப்புகள் செய்வது இவ்வளவுதான்.

கருவிகள் புதுசு. ஆனா, தன்னால் எட்ட முடியாத தூரத்துக்கு இன்னொரு நிலையத்தின் கையில் செய்தியைக் கொடுத்து அனுப்பும் யோசனை 100 ஆண்டுக்கு மேல் பழையது. அதை ஓர் அமைப்பாக வளர்த்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஹிராம் பெர்சி மாக்சிம்.

துப்பாக்கியும் சைலன்ஸரும்

மாக்சிம் 1869 செப்டம்பர் 2-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அப்பா ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், போர்க்களங்களையே மாற்றிய மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். மகனோ துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்ஸருக்கு 1909-ல் காப்புரிமை பெற்றார்.

1886-ல் எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய அவர், பின்னர் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் மோட்டார் வாகனங்களை வடிவமைத்தார். வானொலி அவருக்குத் தொழில் இல்லை, பொழுதுபோக்கு.

40 கி.மீ. தந்த பாடம்

அந்தக் கால ஹாம்கள் மோர்ஸ் குறியீட்டில்தான் தகவல் அனுப்பினார்கள். 1912-ல் வந்த சட்டம், 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளம், அதிகபட்சம் 1 கிலோவாட் சக்தி என்று அவர்களுக்குக் கடிவாளம் போட்டிருந்தது.

1914 ஏப்ரலில் மாக்சிம், சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு செய்தி அனுப்பப் பார்த்தார். எட்டவில்லை. இடைவழியில் வின்சர் லாக்ஸில் இருந்த ஒரு ஹாமிடம் கொடுத்தார். அவர் அதை ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கடத்திவிட்டார்.

அஞ்சல் ஓட்டத்தில் குச்சி கைமாறுவது மாதிரி, நாடு முழுக்க செய்தி போகலாமே என்று மாக்சிமுக்குத் தோன்றியது. அதே ஆண்டில் கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞருடன் சேர்ந்து 'அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக்' அமைப்பைத் தொடங்கினார். 1915 டிசம்பரில் 'கியூ.எஸ்.டி.' இதழும் வந்தது. 1917 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நிலையம் நிலையமாகக் கைமாறிப் போன செய்திக்கு 1 மணி 20 நிமிடத்தில் பதில் திரும்பியது.

அமைதி வந்த பிறகும் பூட்டு

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ஹாம் நிலையங்கள் அத்தனையும் மூடப்பட்டன. 1918-ல் போர் முடிந்தும் பூட்டு திறக்கவில்லை. வானொலி முழுவதையும் கடற்படையின் கையில் கொடுக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. நிறைவேறியிருந்தால், வீட்டில் நிலையம் வைத்திருந்த சாதாரண ஆட்களின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மாக்சிம் வாஷிங்டன் போய் நாடாளுமன்றக் குழு முன்னால் வாதாடினார். லீக் உறுப்பினர்கள் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதங்களை அனுப்பினார்கள். மசோதா கைவிடப்பட்டது. 1919-ல் ஹாம்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்க ஹாம்களின் சிக்னல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஸ்காட்லாந்தில் கேட்டது. 1923 நவம்பரில் அமெரிக்க, பிரெஞ்சு ஹாம்கள் கடலுக்கு இரு பக்கமும் இருந்து தொடர்புகொண்டார்கள். உதவாது என்று அவர்களுக்கு ஒதுக்கிவிடப்பட்ட குறைந்த அலைநீளங்கள்தான் உலகைச் சுற்றும் அலைகள் என்று புரிந்தது. 1925-ல் பாரிஸில் சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் உருவானபோது அதன் முதல் தலைவரானார் மாக்சிம்.

இன்னும் ஒலிக்கும் அழைப்புக்குறி

1936 பிப்ரவரி 17-ல், 66 வயதில், கொலராடோவின் லா ஹுண்டாவில் அவர் காலமானார். இன்றைய இணைய வழி இணைப்புகளிலும் உரிமம் பெற்ற ஹாம்கள் மட்டுமே ஒலிபரப்ப முடியும். வழியில் உள்ள பல ரிப்பீட்டர்களையும் தன்னார்வ ஹாம்களே பராமரிக்கிறார்கள். அன்று வின்சர் லாக்ஸ்காரர் செய்த வேலை அதுதான்.

மாக்சிம் கடைசியாக வைத்திருந்த 'டபிள்யூ1ஏடபிள்யூ' என்ற அழைப்புக்குறி, கனெக்டிகட்டின் நியூவிங்டனில் உள்ள லீக் தலைமையக நிலையத்துக்குத் தரப்பட்டது. அந்தக் குறியோடு அது இப்போதும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது.