நாளுக்கு ஒரு தசகம்

பாரதப்புழைக் கரையில், திருநாவாய் திவ்யதேசத்தை அடுத்த மேப்பத்தூர் இல்லத்தில், சுமார் 1560ஆம் ஆண்டில் அவதரித்தவர் ஸ்ரீ நாராயண பட்டத்திரி. தந்தையார் மாத்ருதத்தர், சிறந்த பண்டிதர். குமாரரும் இளமையிலேயே சாஸ்திரங்களைக் கற்றுத் தேர்ந்தார். அவருக்கு வியாகரணம் போதித்த ஆசார்யர் திருக்கண்டியூர் அச்யுத பிஷாரடி. வான சாஸ்திரத்திலும் வல்லவர்.

அந்த ஆசார்யரை வாத நோய் பீடித்தது. குருவின் துன்பம் காணப் பொறாத சீடர், அந்நோயைத் தாமே குருதக்ஷிணையாக ஏற்றுக்கொண்டார் என்பது ஐதீகம். இருபத்தைந்து வயதை ஒட்டிய வாலிபர். கல்வியும் கீர்த்தியும் வளர வேண்டிய பருவம். கை கால்கள் வசமிழந்தன. எழுந்து நடக்கவும் பிறர் துணை வேண்டியதாயிற்று.

நோய் தீர வழி யாதென, துஞ்சத்து எழுத்தச்சனிடம் ஆளனுப்பிக் கேட்டார். மீனைத் தொட்டுத் தொடங்கும்படி பதில் வந்ததாம். கேட்டவர்கள் அருவருத்தனர். பட்டத்திரியோ அதன் உட்பொருளை உணர்ந்தார். மச்சாவதாரம் முதலாக எம்பெருமானின் அவதார லீலைகளைப் பாடுக என்பதே அது.

தம்பியார் துணையுடன் குருவாயூரை அடைந்தார். ஸந்நிதியில் அமர்ந்து, பதினெண்ணாயிரம் சுலோகங்கள் கொண்டதெனப் போற்றப்படும் ஸ்ரீமத் பாகவதத்தைச் சுருக்கிப் பாடத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்லத் தம்பியார் ஏட்டில் எழுதினார் என்பர். நாளுக்கு ஒரு தசகம், அதாவது ஏறக்குறைய பத்துச் சுலோகங்கள், அவ்வளவே நியமம். நோய் ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. அதனால்தான் தசகந்தோறும் முடிவில் பிணி தீர்க்க வேண்டும் என்ற விண்ணப்பம் பெரும்பாலும் காணப்படுகிறது. தம் வேதனையை அவர் மறைக்கவுமில்லை; வேதனைக்காக அன்றைய தசகத்தை நிறுத்தவுமில்லை.

இவ்வாறு நூறு நாட்களில் நூறு தசகங்கள் நிறைவெய்தின. அதுவே ஸ்ரீமந் நாராயணீயம். நூல் நிறைவேறிய நாள் 1586ஆம் ஆண்டு, மலையாளக் கணக்கில் விருச்சிக மாதம் 28. அன்றே அவர் பிணி நீங்கப் பெற்றார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. குருவாயூரில் அந்நாள் நாராயணீய தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவர் அமர்ந்து பாடிய இடத்தையும் அங்கு ஸேவிக்கலாம்.

அவருடைய வாழ்வு அத்துடன் முடியவில்லை. அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின், அம்பலப்புழை அரசர் தேவநாராயணரின் விருப்பப்படி ‘ப்ரக்ரியா ஸர்வஸ்வம்’ என்னும் பெரிய வியாகரண நூலை இயற்றினார்.

அன்பர்களே! பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர் நம் இல்லங்களிலும் உண்டு. மருத்துவரும் மருந்தும் இன்றியமையாதவை; அவற்றை விடலாகாது. ஆயினும் இழந்ததையே எண்ணி ஏங்கும் நெடும்பகலை எவ்வாறு கழிப்பது? அசையாத கையை விட்டு அசையும் நாவைப் பற்றினார் பட்டத்திரி. நூறு நாளையும் ஒரு சேர நினைந்து மலைக்காமல், அன்றன்றைக்குரிய பத்தை அன்றன்று முடித்தார். அருகில் ஏடேந்தி ஒரு தம்பியும் அமர்ந்திருந்தார். நோயுற்றவருக்கு அந்த நியமமும், உடனிருப்போருக்கு அந்தத் தம்பியின் பொறுமையும் வாய்க்க ஸ்ரீ குருவாயூரப்பன் அநுக்ரஹிப்பானாக.